கட்டுமானப் பிணக்குத் தீர்வாளர் பணியும் தமிழ் முச்சான்று மரபும்: செவ்வாய்ப்பேட்டைக் கட்டடச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கட்டட ஒப்பந்தங்களில் எழும் பிணக்குகளை நீதிமன்றத்திற்கு வெளியே ஆராய்ந்து தீர்க்கும் வல்லுநரின் பணி பொறியியலும் சட்டமும் சார்ந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அப்பணியின் நடுவே இருப்பது பனுவல் வாசிப்பே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பெரியபுராணம் காட்டும் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகளை அளவுகோலாகக் கொண்டு இன்றைய நடுவர் தீர்ப்பு முறை விளக்கப்படுகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற நெருக்கமான வணிகக் குடியிருப்புகளில், எழுத்து ஒப்பந்தம் இல்லாமையாலும் உள்ள ஒப்பந்தம் தரப்பினர் படித்தறிய முடியாத மொழியில் இருப்பதாலும் எழும் இழப்பும், அதனைக் களையத் தமிழாய்வு ஆற்றக்கூடிய பங்கும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கட்டுமானப் பிணக்கு, நடுவர் தீர்ப்பு, மத்தியஸ்தன், முச்சான்று, ஒப்பந்தத் தமிழ், செவ்வாய்ப்பேட்டை

1. முன்னுரை

சேலம் மாநகரின் பழைய வணிகப் பகுதிகளுள் ஒன்று செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் இவ்வூர், லீ பஜாரின் மொத்த வணிகத்தாலும் வெள்ளிக் கொலுசுத் தொழிலாலும் அறியப்படுவது. கடையும் பட்டறையும் வீடும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இத்தகைய பகுதியில் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது உரிமையாளர், கொத்தனார் என்னும் இருவரோடு முடிவதில்லை. வானம் தோண்டும்போது அடுத்த வீட்டுச் சுவரில் விரிசல் விழலாம். பொதுச்சுவர் யாருடையது என்னும் வினா எழலாம். சதுர அடிக் கணக்கில் மேஸ்திரியும் உரிமையாளரும் முரண்படலாம். கட்டடம் பாதியில் நின்றுபோனால் ஒருபுறம் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பும் மறுபுறம் சித்தாள், கொத்தனார் ஆகியோரின் கூலியும் முடங்குகின்றன.

இத்தகைய பிணக்குகளைத் தீர்ப்பதைத் தனித்தொழிலாகக் கொண்ட வல்லுநர்கள் உலகெங்கும் உள்ளனர். அவர்தம் பணி எத்தகையது, அதற்கும் தமிழ் மரபிலுள்ள வழக்காய்வு நெறிக்கும் உள்ள உறவு யாது, செவ்வாய்ப்பேட்டை போன்ற ஊரில் அப்பணி பயன்பட வேண்டுமாயின் தேவையானது எது என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண்கிறது.

2. தீர்வாளரின் பணிவகைகள்

கட்டுமானப் பிணக்குத் தீர்வாளர் என்னும் பெயருக்குள் மூன்று வேறுபட்ட பணிகள் அடங்கியுள்ளன. முதலாவது, நடுவர் பணி. இரு தரப்பினரும் முன்னரே எழுதி ஒப்புக்கொண்டபடி அமையும் நடுவர், வழக்கை ஆராய்ந்து கட்டுப்படுத்தும் தீர்ப்பு வழங்குவார். இந்தியாவில் இதற்கு 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் அடிப்படையாகும். இரண்டாவது, சமரசர் பணி. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. தரப்பினரே ஓர் உடன்பாட்டிற்கு வரத் துணைநிற்பார். சென்னை உயர் நீதிமன்றம் 2005ஆம் ஆண்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தைத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டில் சமரசத்திற்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. மூன்றாவது, வல்லுநர் சான்றாளர் பணி. இவர் காலத்தாழ்வு, அளவு, தரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு நடுவருக்கு அறிக்கை தருவார்.

பெரும் கட்டுமானங்களில் பிணக்கு முற்றுவதற்கு முன்பே தீர்க்கும் முறையும் உண்டு. பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பந்தப் படிவம் பிணக்குத் தீர்ப்புக் குழுவைப் பரிந்துரைத்தது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, பிணக்கைத் தவிர்ப்பதையும் அக்குழுவின் கடமையாகச் சேர்த்தது. தமிழர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரில் 2004இலும் மலேசியாவில் 2012இலும் இயற்றப்பட்ட சட்டங்கள், கட்டுமான வேலைக்கான பணம் முடங்காதிருக்க விரைவான இடைக்காலத் தீர்ப்பு முறையை ஏற்படுத்தின. இந்தியாவில் அதற்கு நிகரான பொதுச்சட்டம் இல்லை. எனவே ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதே இங்கு முதன்மை பெறுகிறது.

3. மத்தியஸ்தன்: சொல்லும் பணியும்

இன்று இடைநின்று வழக்குத் தீர்ப்பவரைக் குறிக்கும் மத்தியஸ்தர் என்னும் சொல், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபையின் பணியாளர் ஒருவரைக் குறித்தது. சபையின் முடிவுகளை எழுத்தில் பதிந்தவர் அவரே. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் வாங்கவேண்டும். அதனை உரக்கப் படிக்கவேண்டும். அதன் பின்னர் மண்டபத்திலுள்ள நம்பிமாரும் அதனைப் படிக்கவேண்டும் என அவ்விதி அமைகிறது.

இவ்விதியில் கருதத்தக்கவை இரண்டு. நடுநிற்பவர் கையில் வேறோர் ஓலை மறைந்திருக்கக் கூடாது என்பது ஒன்று. அவர் படித்தது சரிதானா என்பதைப் பிறரும் படித்துச் சரிபார்க்க இயலவேண்டும் என்பது மற்றொன்று. நடுவரின் நேர்மை அவருடைய குணத்தை மட்டும் நம்பி விடப்படவில்லை. அவர் படிக்கும் எழுத்து அனைவர்க்கும் படிக்கத்தக்கதாக இருப்பதே அந்நேர்மைக்குக் காவலாக வைக்கப்பட்டது. கட்டுமானப் பிணக்குத் தீர்வில் இன்று குறைவுபடுவது இக்காவலே என்பது பின்னர் விளக்கப்படும்.

4. முச்சான்றும் கட்டட வழக்கும்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம், திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த வழக்கொன்றைக் காட்டுகிறது. சுந்தரரைத் தம் அடிமையெனக் கூறி வந்த முதியவரிடம் அவையோர், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். சுந்தரர் கிழித்தது படியோலை என்றும் மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் கூறுகிறார். அவையோர் அம்மூலவோலையின் எழுத்தை, சுந்தரரின் பாட்டனார் எழுதிக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு முடிவு செய்கின்றனர். படி, மூலம், எழுத்தொப்பீடு என்னும் மூன்று ஆவணக் கருத்துகளும் இவ்வழக்கில் தெளிவாக இடம்பெற்றுள்ளன. இம்மூவகைச் சான்றுகளையும் இன்றைய கட்டட வழக்கோடு பொருத்திக் காணலாம்.

4.1 ஆவணம்

தீர்வாளரின் முதல் வேலை ஆவணங்களைக் கால வரிசையில் அடுக்குவது. ஒப்பந்தம், வரைபடம், விலைப்பட்டியல், அளவுப் புத்தகம், பணி நாட்குறிப்பு, கடிதங்கள், பணம் பெற்ற சீட்டுகள், கைப்பேசிச் செய்திகள் ஆகிய அனைத்தும் அவற்றுள் அடங்கும். ஒரு சொல்லின் பொருள் எவ்வளவு பெரிய தொகையாக மாறும் என்பதைக் கீழ்வரும் கற்பனைக் கணக்கு உணர்த்தும்.

சதுர அடிக்கு 2,400 ரூபாய் வீதம் வீடு கட்ட ஒப்பந்தம் செய்யப்பட்டது எனக் கொள்வோம். உரிமையாளர் கணக்கில் பரப்பு 1,200 சதுர அடி. தொகை 28,80,000 ரூபாய். கட்டுநர் போர்டிகோ, பால்கனி, மாடிப்படி மேற்கூரை ஆகியவற்றையும் சேர்த்து 1,350 சதுர அடி எனக் கணக்கிடுகிறார். தொகை 32,40,000 ரூபாய். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு 3,60,000 ரூபாய். இருவருமே ஏமாற்றுபவர் அல்லர். ‘கட்டடப் பரப்பு’ என்னும் தொடரை இருவரும் வெவ்வேறு பொருளில் கொண்டுள்ளனர். தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் ஆகியவை சதுர அடி விலைக்குள் அடங்குமா என்னும் வினாக்களும் இத்தகையனவே. கட்டட வேலைகளை அளக்கும் முறையை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1200 வகுத்துள்ளது. ஆயினும் ஒப்பந்தம் அதனைச் சுட்டாதபோது, தரப்பினர் எப்பொருளில் உடன்பட்டனர் என்பதையே தீர்வாளர் தேடவேண்டியுள்ளது. உரையாசிரியர் ஒரு சொல்லுக்கு இடம் நோக்கிப் பொருள் காண்பதற்கு இது நெருங்கிய செயலாகும்.

4.2 ஆட்சி

எழுத்தில் இல்லாதது நடத்தையில் இருக்கலாம். ஆட்சி என்பது நெடிய வழக்காற்றையும் அனுபவத்தையும் குறிக்கும். முதல் தளத்தில் செய்த கூடுதல் வேலைக்கு வாய்மொழிக் கணக்கின்படி உரிமையாளர் பணம் தந்திருந்தால், இரண்டாம் தளத்தின் கூடுதல் வேலைக்கு எழுத்து இல்லை என்று அவர் மறுப்பது எளிதன்று. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 28, ஒப்பந்த விதிகளோடு தொழில் வழக்காறுகளையும் நடுவர் கருத்திற்கொள்ளப் பணிக்கிறது. இலவசமாகச் செய்யும் நோக்கமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றவர் துய்த்தால் அதற்கு ஈடு தரவேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 70. தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலில் கணிசமான பகுதி வாய்ச்சொல்லில் நடைபெறுவதால் ஆட்சிச் சான்றே பலபோது எஞ்சி நிற்கிறது.

4.3 அயலார் காட்சி

அயலார் என்பவர் வழக்கின் பயனில் பங்கில்லாதவர். அக்கம்பக்கத்தார் கண்டதும் பொருள் வழங்கிய கடைக்காரரின் பதிவும் இவ்வகையின. வல்லுநர் ஆய்வும் இதன் வளர்ச்சியே எனலாம். பிரிவு 26இன்படி நடுவரே வல்லுநரை அமர்த்தலாம். கான்கிரீட்டின் தரம் பற்றிய ஐயத்தில், 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகள் 28ஆம் நாளில் காட்டிய வலிமை முதலில் பார்க்கப்படும். அப்பதிவு இல்லையெனில் கட்டிய தளத்திலிருந்தே உருளைத் துண்டு வெட்டி எடுத்துச் சோதிக்கப்படும். அத்துண்டுகளின் சராசரி வலிமை, குறித்த வலிமையில் 85 விழுக்காட்டிற்கும், எந்த ஒரு துண்டின் வலிமையும் 75 விழுக்காட்டிற்கும் குறையக் கூடாது என்பது ஐ.எஸ். 456 கூறும் அளவு. ஆள் சொல்லும் சொல்லைவிடப் பொருளைத் திறந்து பார்ப்பது உறுதியானது என்பதே இதன் அடிப்படை.

5. காலத்தாழ்வைக் கணித்தல்

கட்டட வழக்குகளில் மிகவும் சிக்கலானது காலத்தாழ்வு. ஒரே காலத்தில் உரிமையாளர் தவணைப் பணத்தை 20 நாள் தாழ்த்துகிறார். கட்டுநரின் சென்டரிங் ஆட்கள் 30 நாள் வரவில்லை எனக் கொள்வோம். இரண்டையும் கூட்டி 50 நாள் தாழ்வு எனக் கூறுவது பிழை. எந்த வேலை நின்றதால் கட்டடத்தின் முடிவு நாள் தள்ளிப்போயிற்று என்பதைத் தீர்வாளர் கண்டறியவேண்டும். தளம் போட முடியாதபோது பூச்சு வேலை நடவாது. ஆனால் சுற்றுச்சுவர் வேலை நடக்கலாம். ஆகவே ஒன்றையொன்று சார்ந்த வேலைகளின் தொடரை வரைந்து, தாழ்வுகளை அத்தொடரில் பொருத்திக் காண்பர்.

தாழ்வின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட பின்னரே இழப்பின் அளவு ஆராயப்படும். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவுகள் 73, 74 இதற்கு அடிப்படை. நாளொன்றுக்கு இவ்வளவு என ஒப்பந்தம் தண்டத்தொகை குறித்திருப்பினும், அது உச்சவரம்பே. அதற்குட்பட்டு நியாயமான ஈடே கிடைக்கும். வேலை நீண்டதால் கட்டுநருக்கு நேர்ந்த அலுவலகச் செலவையும் ஆதாய இழப்பையும் கணிக்க ஹட்சன், எம்டன், ஐக்லீ என்னும் வாய்பாடுகள் உள்ளன. உச்ச நீதிமன்றம் மெக்டெர்மாட் வழக்கில் 2006ஆம் ஆண்டு இவற்றைக் குறிப்பிட்டு, ஏற்ற வாய்பாட்டைத் தேர்வது நடுவரின் உரிமை எனக் கூறியது.

6. நடுவுநிலைமையும் தகுதிநீக்கமும்

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை சான்றியல் நோக்கில் கருதத்தக்கது. சிலம்பு பற்றிய வழக்கில் அவன் பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டுமே வல்லுநர் சான்றாகக் கொண்டான். அவ்வல்லுநனோ அவ்வழக்கின் முடிவில் தன்னலம் உடையவன். களவு செய்தவனே அவன். பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்தபோது வெளிப்பட்ட மாணிக்கம், அரசியின் சிலம்பிலுள்ள முத்தோடு மாறுபட்டு உண்மையைக் காட்டியது. திறந்து பார்க்கும் சோதனை தீர்ப்புக்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டும், நிகழ்ந்ததோ பின்னர்.

வழக்கின் பயனில் தொடர்புடையவர் நடுவராகவோ வல்லுநராகவோ இருத்தலாகாது என்னும் இவ்வுணர்வை இன்றைய சட்டமும் விதியாக்கியுள்ளது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பிரிவு 12(5)உம் ஏழாம் அட்டவணையும், தரப்பினரின் ஊழியர், ஆலோசகர் முதலியோரை நடுவராக இருக்கத் தகுதியற்றோர் ஆக்கின. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு சார்ந்த நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ஒரு தரப்பு மட்டுமே நடுவரை அமர்த்தும் விதி சமத்துவத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. உத்திரமேரூர்ச் சபை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியதும் இவ்வகைத் தகுதிநீக்கமே ஆகும்.

7. சேலத்தை அடுத்து நிகழ்ந்த பெருவழக்கு

சேலம் மாவட்டத்தின் மேட்டூர் அணை கட்டப்பட்ட வரலாற்றின் பின்னணியிலும் நடுவர் தீர்ப்பு ஒன்று உள்ளது. மைசூர் அரசு கண்ணம்பாடியில் அணை கட்ட முனைந்தபோது, சென்னை மாகாண அரசு 11 டி.எம்.சி. கொள்ளளவுக்கே இசைந்தது. மைசூரோ 41.5 டி.எம்.சி. என்னும் முழுத் திட்டத்திற்கேற்பக் கடைக்கால் இட்டது. 1892ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இப்பிணக்கு நடுவரிடம் சென்றது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஹென்றி கிரிஃபின் நடுவராகவும், பாசனத்துறைத் தலைமை ஆய்வாளர் நெதர்சோல் தொழில்நுட்பத் துணைவராகவும் அமைந்தனர். சட்டம் அறிந்தவரும் பொறியியல் அறிந்தவரும் ஒருங்கே அமர்ந்த இவ்வமைப்பு இன்றைய கட்டுமான நடுவர் குழுவின் முன்னோடி எனத்தக்கது.

வழக்கின் மையம் அணையின் உயரம் மட்டுமன்று. கீழ்நிலத்தார்க்கு முன்னரே வந்தடைந்து நடைமுறையில் உள்ள உரிமை என 1892ஆம் ஆண்டு உடன்படிக்கை குறிப்பது எவ்வளவு நீர் என்பதே வினா. இதுவும் சொல்லுக்குப் பொருள் காணும் வழக்கே. 1914 மே 12 அன்று தீர்ப்பு வந்தது. சென்னை அதனை ஏற்காது மேல்முறையிட்டது. இறுதியில் 1924 பிப்ரவரி 18 அன்று இரு அரசுகளும் புதிய உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பின்னர் 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்றது. தீர்ப்புக்கும் தீர்வுக்கும் இடையே பத்தாண்டு கழிந்தது. தரப்பினர் ஒப்பாத வாசிப்பு, அது எவ்வளவு கற்றோரால் செய்யப்பட்டதாயினும், பிணக்கை முடிப்பதில்லை என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

8. படிக்க இயலாத ஒப்பந்தமும் தமிழும்

இனிச் செவ்வாய்ப்பேட்டைக்கு மீளலாம். இங்கு ஒரு சிறு கட்டட உரிமையாளருக்குச் சட்டம் பல வாயில்களைத் திறந்தே வைத்துள்ளது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருதலைச் சேவையாகக் கொள்கிறது. ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருப்பினும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்பது 2018ஆம் ஆண்டில் உறுதிசெய்யப்பட்டது. அடுத்த வீட்டார் ஒப்பந்தத்தில் தரப்பினர் அல்லர். எனவே நடுவர் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. சுவர் விரிசல் போன்றவற்றுக்குச் சமரசமே ஏற்ற வழி. அது கைகூடாதபோது உரிமையியல் நீதிமன்றம் உண்டு. வானம் தோண்டுமுன் அடுத்த வீட்டுச் சுவர்களை இருவர் முன்னிலையில் படமெடுத்து வைப்பது பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்க்கும்.

ஆயினும் நடுவர் வழி திறப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிரிவு 7இன்படி நடுவர் உடன்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். உரிய முத்திரைத்தாளில் எழுதாமையால் மட்டும் அவ்வுடன்பாடு செல்லாததாகிவிடாது. அக்குறை நீக்கத்தக்கது என்று 2023 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு கூறியது. எழுத்தே இல்லாதபோதோ இத்தீர்ப்பு பயன்படாது. எழுத்து இருந்தும் அது ஆங்கிலப் படிவமாக இருந்து, கையொப்பமிட்டவர் அதனைப் படித்தறியாதபோது, ஒப்பந்தம் ஒரு தரப்பின் கையிலுள்ள மூடிய ஓலையாகிவிடுகிறது. நடுவர் எவ்வளவு நேர்மையாகப் படித்தாலும், படிக்கப்படுவது தாம் உடன்பட்டதுதானா என்பதை மேஸ்திரியோ வீட்டுக்காரரோ சரிபார்க்க இயலாது.

இங்கே தமிழாய்வாளர் கருதவேண்டிய சட்டநிலை ஒன்று உள்ளது. உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலத்தில் அமைகின்றன. நடுவர் மன்றத்திற்கு அத்தகைய தடை இல்லை. பிரிவு 22, நடவடிக்கைகள் எம்மொழியில் அமையவேண்டும் என்பதைத் தரப்பினரே முடிவு செய்யலாம் என்கிறது. ஒப்பந்தமும் விசாரணையும் தீர்ப்பும் முழுமையாகத் தமிழில் அமையச் சட்டம் இடந்தருகிறது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் பயன்பட 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்துள்ளதால், தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றம் செல்லும்போதும் தமிழ் அந்நியமாகாது.

தடையாக நிற்பது கலைச்சொல் உறுதியின்மையே. ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் வழங்கும் கருத்தொன்றுக்கு நடுவர் தீர்ப்பு, இசைவுத் தீர்ப்பு, மத்தியஸ்தம், பஞ்சாயத்து எனப் பல சொற்கள் வழங்குகின்றன. பஞ்சாயத்து என்பதில் சமரசமும் கலந்துவிடுகிறது. மறுபுறம், பணியிடத்தில் துல்லியமான சொற்கள் உள்ளன. வானம், கடைக்கால், பேஸ்மட்டம், லிண்டல், சன்ஷேட், தளம், பூச்சு ஆகியவற்றைக் கொத்தனாரும் உரிமையாளரும் ஒரே பொருளில் அறிவர். ஒப்பந்தத் தமிழை உருவாக்குவோர் இச்சொற்களை நீக்கிப் புதுச்சொல் புனைந்தால், ஆங்கிலப் படிவத்தின் இருளே தமிழிலும் தொடரும். பணியிடச் சொல்லை அப்படியே ஏற்று, அதன் எல்லையை ஒரு வரியில் வரையறுப்பதே தக்கது. ‘கட்டடப் பரப்பு என்பது வெளிச்சுவரின் வெளிவிளிம்பு வரை அளந்த பரப்பு, பால்கனியில் பாதி சேரும், சன்ஷேட் சேராது’ என்பது போன்ற ஒரு வரி, முன்னர்க் காட்டிய 3,60,000 ரூபாய்ப் பிணக்கைத் தோன்றாமலே செய்துவிடும்.

9. முடிவுரை

கட்டுமானப் பிணக்குத் தீர்வாளர் ஆவணத்தைப் படிப்பவர். அது பேசாத இடத்தில் ஆட்சியைப் படிப்பவர். இரண்டும் ஐயத்திற்குரியன ஆகுமிடத்து அயலார் காட்சியையும் பொருட்சோதனையையும் நாடுபவர். இம்மூவகைச் சான்றுநெறி தமிழுக்குப் புதிதன்று. கிரிஃபின் தீர்ப்பின் வரலாறு தரப்பினரின் ஒப்புதலின்றித் தீர்ப்பு நிறைவுறாமையைக் காட்டுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு அவ்வொப்புதலுக்குரிய வழியை, படிக்கப்படுவதை அனைவரும் படித்தறியும் நிலையில் காண்கிறது.

எனவே செய்யத்தக்க பணிகள் இரண்டு. சேலம், நாமக்கல் பகுதிக் கட்டடத் தொழிலாளரிடையே வழங்கும் அளவை, பொருள், வேலைப் பெயர்களைக் கள ஆய்வால் தொகுத்து வரையறுப்பது ஒன்று. அவ்வரையறைகளைக் கொண்டு, நடுவர் விதியும் மொழி விதியும் அடங்கிய எளிய தமிழ் ஒப்பந்தப் படிவம் அமைப்பது மற்றொன்று. முதற்பணி அகராதியியலாளருக்கும் வட்டார வழக்காய்வாளருக்கும் உரியது. இரண்டாவதில் பொறியாளரும் வழக்கறிஞரும் அவர்களோடு இணைந்து செயலாற்ற வேண்டும்.